விருந்தாளி அறைத் தேனடை

குழாயைத் தொட்ட மாத்திரத்தில் ரிஃபாத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரோரமாக வருகிற குழாய் கை வைக்க முடியாத சூடு. அது வால்வுக்குள் நுழைகிற இடம் வரைக்கும் அதே சூடு. வால்வைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளித் தொட்டால் ரேடியேட்டர் சில்லென்று இருந்தது. துருக்கியின் எர்சுரூம் நகரத்தில் முப்பத்தொரு வருஷமாக வீடு வீடாகப் போய் வெந்நீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டுகிற மனிதனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வால்வுக்குள் இருக்கிற ஊசி, அழுத்தின இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வால்வின் தலையைக் கழற்றி, ஊசியைக் குறட்டால் பிடித்து மெல்ல அசைத்துக்கொடுத்தால் மேலே வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? நிமிர்ந்து, நெற்றியைச் சுருக்கி, உச்சுக்கொட்டினார்.

"ம்ஹூம். இது லேசுல போற விஷயமா தெரியலை" என்றார்.

வாசலில் நின்ற அவர் மனைவி நஸ்மியேயின் இரண்டு கையிலும் மாவு. "லேசுல போகாதுன்னா? மூணு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. இப்ப மணி பன்னெண்டரை. வெளியில மைனஸ் பத்தொன்பது. பொண்ணு கேக்க வர்றவங்களை ஐஸ் பெட்டியில உக்கார வைக்கச் சொல்றீங்களா?"

"தேனடை ஓடலைன்னா நான் என்ன பண்ணட்டும்? உள்ள போயி நான் உக்காந்துக்கவா?"

ரேடியேட்டருக்கு அந்த ஊரில் தேனடை என்றுதான் பேர். பழைய இரும்பு ரேடியேட்டர்களைப் பார்த்து எந்த மகராசன் வைத்த பேரோ, அப்படியே நிலைத்துவிட்டது. இந்தத் தேனடை இருந்தது விருந்தாளி அறையில். நல்ல கம்பளம், கண்ணாடி அலமாரி, யாரும் உட்காராத தங்கநிற சோபா எல்லாம் அங்கேதான். எர்சுரூமில் அப்படி ஓர் அறை இல்லாத வீடு கிடையாது. வருஷம் பூராவும் கதவைச் சாத்தி, வால்வையும் பூஜ்யத்தில் வைத்து எரிவாயுவை மிச்சம் பிடிப்பார்கள். விருந்தாளி வரும் அன்று அவசர அவசரமாகத் திறப்பார்கள். திறந்தால் சூடு வராது. "ரிஃபாத் உஸ்தா, ஓடி வாங்க" என்று போன் வரும். உஸ்தா என்றால் அங்கே கைதேர்ந்த மேஸ்திரி. அவரும் போய் ஊசியை எடுத்துவிட்டு, "மாசம் ஒருதடவையாவது திறந்து மூடுங்கம்மா, ஊசி ஒட்டிக்கும்" என்று திட்டிவிட்டு வருவார். அந்த அம்மாக்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் படி இறங்குவதற்குள் மறுபடி மூடிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட உஸ்தா தன் வீட்டு ஊசியை எடுக்காமல் நாடகம் போட்டதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பேர் துன்ஜாய்.

ரிஃபாத்துக்கு ஒரே பெண், பெர்னா. நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ட்ராப்சோன் நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விட்டாள். போன வருஷம் எர்சுரூமுக்கே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். பட்டியல் ஜூன் மாசம் வரும். ரிஃபாத் அந்த ஜூனை நம்பித்தான் இந்தக் குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில், ட்ராப்சோன் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிற ஒரு பையன், ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தவன், அவள் மனசில் உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கு அவன் அப்பா அம்மாவோடு பெண் கேட்க வருகிறான். சரி என்று சொல்லிவிட்டால் மாற்றல் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அப்புறம் பெண் கடற்கரைக்காரிதான்.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை. பெர்னாவின் முகம் எப்படி வாடிப்போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் விருந்தாளி அறையில் உட்கார வைக்காமல் பெண் கேட்கும் பேச்சை எடுக்கக் கூடாது என்பது நஸ்மியேயின் சட்டம். சின்ன அறையில் டிவியும் துணி காயப்போட்ட கம்பியும்தான் இருக்கின்றன. விருந்தாளி அறை சூடாகாவிட்டால் வந்தவர்கள் டீ குடித்து, பலகாரம் தின்று, ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பேச்சு கோடைக்குத் தள்ளிப்போகும். அதற்குள் ஜூன் வந்துவிடும். மனுஷன் மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

"காத்து அடைச்சிருக்கும்" என்றார் ரிஃபாத். சின்னச் சாவியை எடுத்து, ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கிற காற்றுத் திருகைத் திறந்தார். இஸ் என்று ஒரு சத்தமும் வரவில்லை. கறுப்புத் தண்ணீர் நாலு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. காற்றே இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவரோ, "ஒரு இடத்துல திறந்தா போதாது, வீடு பூரா திறக்கணும்" என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். படுக்கையறை, சின்ன அறை, தாழ்வாரம், குளியலறை என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாலு தேனடையிலும் திருகைத் திறந்து, கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் பிடித்து ஊற்றினார்.

குழாயில் தண்ணீர் குறைந்தால் பாய்லர் சும்மா இருக்குமா? சமையலறைச் சுவரில் தொங்கிய பாய்லரின் அழுத்த முள் மளமளவென்று இறங்கி, சிவப்பு விளக்கு எரிந்து, மொத்தமும் நின்றுபோனது. வீடு முழுக்கக் குளிர ஆரம்பித்தது.

"இருந்த சூட்டையும் அணைச்சுட்டீங்களா? ஊருக்கெல்லாம் உஸ்தாவாம். இந்த லட்சணத்தைப் பாத்தா நாளைக்கு ஒருத்தர் போன் பண்ணுவாங்களா?" என்றாள் நஸ்மியே.

"கத்தாத. தண்ணி ஏத்தினா சரியாயிடும்."

பாய்லருக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறந்து, முள் ஒன்றரைக்கு வரும் வரை தண்ணீர் ஏற்றினார். விளக்கு பச்சையானது. வீடு மறுபடி சூடானது, அந்த ஓர் அறையைத் தவிர.

இதற்காக லீவு போட்டு வந்திருந்த பெர்னா இதையெல்லாம் சமையலறைக் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நீல உடுப்பு போட்டு, தலையை அழகாக வாரியிருந்தாள். சின்ன வயசில் அப்பாவின் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி ஊர் சுற்றியவள் அவள்.

"அப்பா, வால்வு வரைக்கும் குழாய் சுடுதே."

"சுடும்மா. அது அப்படித்தான் சுடும்."

"அப்படித்தான் சுடுமா?"

"கீழ சேறு அடைச்சிருக்கும். இல்லைன்னா பம்பு தள்ளலை. எத்தனையோ இருக்கு. நீ போயி காபிக் கோப்பையைத் தொடை."

அவள் போய்க் கோப்பையை எடுத்தாள். ரிஃபாத்துக்கு முதுகு வேர்த்தது.

இன்னொரு குழப்பம் நஸ்மியேக்கு இருந்தது. "காலையில பாக்குறேன், வால்வு பூஜ்யத்துல நிக்குது. நான் ரெண்டுல வச்சதுதான், உங்க பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு, அப்புறம் தொட்டதே இல்லை. யாரு மூடினதுன்னே தெரியலை" என்று மாவு தேய்த்துக்கொண்டே புலம்பினாள். ரிஃபாத் அப்போது ரேடியேட்டரை மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற வேகம் கொஞ்சம் கூடியது.

இரண்டே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. ட்ராப்சோன்காரர்கள் மலைக் கணவாயில் பனியைத் தாண்டி, கால் மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார்கள். முன்னால் பையனின் அப்பா யாகூப். ஹேசல் கொட்டைத் தோட்டக்காரர், பெரிய மூக்கு, அதைவிடப் பெரிய குரல். அவர் பின்னால் மனைவி சானியே, கையில் சாக்லேட் தட்டு. கடைசியில் துன்ஜாய், பூங்கொத்துக்குப் பின்னால் ஒல்லியாக.

"சம்பந்தி" என்று ரிஃபாத்தை இழுத்துக் கட்டிக்கொண்டார் யாகூப். "என்னா குளிரு சம்பந்தி இது. மூக்கு இருக்கா விழுந்துடுச்சான்னு நாலுதடவை தொட்டுப் பாத்துட்டேன்."

இன்னும் சம்பந்தி ஆகவில்லையே ஐயா என்று ரிஃபாத் மனசுக்குள் பல்லைக் கடித்தார். வெளியே, "வாங்க வாங்க. ஒரு சங்கடம் ஆயிப்போச்சு. விருந்தாளி அறைத் தேனடை மக்கர் பண்ணுது. சின்ன அறையிலயே உக்காந்து டீ குடிப்போம். மத்ததெல்லாம் கோடைக்கு வந்தா நிதானமா..." என்று ஆரம்பித்தார்.

"கோடைக்கா?" என்றாள் சானியே. "நாங்க அஞ்சு மணி நேரம் பனியில உருண்டு வந்திருக்கோம். கோட்டோடவே உக்காந்துக்கறோம். எங்க ஊர்ல சூடு கம்மி, கோட்டு ஜாஸ்தி."

கேட்டால்தானே? மூன்று பேரும் நேரே விருந்தாளி அறைக்குள் போய், தங்கநிற சோபாவில் கோட்டு, குல்லாய், கழுத்துத் துணி சகிதம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. நஸ்மியே வெட்கத்தில் செத்துப்போனாள். சுடச்சுட டீயும், வால்நட் வைத்துப் பொரித்துப் பாகில் போட்ட கடாயிஃபும் கொண்டுவந்து வைத்தாள். யாகூப் சர்க்கரைக் கட்டியை எர்சுரூம்காரர்கள் மாதிரி பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சப் பார்த்து, கட்டியை முழுசாக விழுங்கிவிட்டு இருமினார். எல்லாரும் சிரித்தார்கள். ரிஃபாத்துக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"ஏன் தம்பி, வானிலைதானே உன் வேலை? என்ன பண்ணுவே?" என்று பையனைக் கேட்டார்.

"நாளைக்கு மழை வருமா வராதான்னு சொல்லுவேன் மாமா."

"ட்ராப்சோன்ல என்னைக்கு மழை வராம இருந்துச்சு?"

"அதனாலதான் மாமா என் வேலை இன்னும் போகலை. வரும்னே சொல்லிட்டிருக்கேன்."

யாகூப் தொடையைத் தட்டிச் சிரித்தார். பையன் வாய்க்காரன்தான், ஆனால் கையைப் பார், பஞ்சு மாதிரி, என்று ரிஃபாத் நினைத்துக்கொண்டார். ஒரு ஆணிகூட அடித்திருக்க மாட்டான்.

அந்தப் பஞ்சுக் கைக்காரன் சும்மா இருந்தானா? அறையைச் சுற்றிப் பார்த்து, "ஒன்பது டிகிரி இருக்கும்" என்றான். எழுந்து போய் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் முட்டி போட்டான். "மாமா, குடுங்க, நானும் ஒரு கை பாக்குறேன். பாத்துட்டு சும்மா உக்கார முடியலை." ரிஃபாத் திறந்தபடி வைத்திருந்த பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான். குழாயைத் தொட்டான். ரேடியேட்டரைத் தொட்டான். "இங்க சூடு, இங்க இல்லை. அப்ப அடைப்பு இதுக்கு நடுவுலதான். சரிதானே?"

சரிதான். மழையைத் தவிர வேறொன்றும் தெரியாத பையன், வந்து இருபது நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

"அது... அப்படிச் சொல்லிட முடியாது தம்பி."

"கழட்டிப் பாத்துடலாம்" என்று துன்ஜாய் ஸ்பேனரைக் கொண்டுபோய் வைத்த இடம், வால்வும் ரேடியேட்டரும் சேருகிற பெரிய மறை. அதைக் கழற்றினால் ஒரு வாளி கறுப்புச் சேற்றுத் தண்ணீர், நஸ்மியேயின் அம்மா வீட்டுச் சீதனக் கம்பளத்தின் மேல் பீறிட்டு அடிக்கும். பையன் இரண்டு கையாலும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினான். மறை கீச்சென்றது.

"அட விடுடா" என்று பாய்ந்தார் ரிஃபாத். ஸ்பேனரைப் பிடுங்கினார். மறையை இறுக்கினார். "அதையா கழட்டுவாங்க? வீடு நாறிடும். ஊசி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். தலையை மட்டும் எடுக்கணும். இந்தா பாரு, இப்படி."

கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. எண் போட்ட தலையைத் திருகி எடுத்து மடியில் வைத்தார். உள்ளே பித்தளைக் கழுத்தின் நடுவே ஊசி, தீக்குச்சி முனை அளவுக்கு, உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். ஸ்பேனர் பிடியால் பக்கவாட்டில் இரண்டு தட்டு. குறட்டால் ஊசியின் நுனியைப் பிடித்து, பால் பல்லை ஆட்டுவது போல மெல்ல ஆட்டினார். "வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. இழுத்தா கையோட வந்துடும், அப்புறம் கூரை வரைக்கும் வெந்நீர்தான். கெஞ்சிக் கேக்கணும். வா... வாம்மா..." ஊசி டக்கென்று மேலே வந்தது. தண்ணீர் உள்ளே பாய்கிற ஓசை அறை முழுக்கக் கேட்டது. ரேடியேட்டர் டிக் டிக்கென்று விரிந்து, மேலிருந்து கீழாகச் சூடு பிடித்தது.

"பாத்தியா? அஞ்சு நிமிஷம்கூட ஆகலை" என்று பெருமையாகத் திரும்பினார்.

நஸ்மியே இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பெர்னா.

"அஞ்சு நிமிஷ வேலையா?" என்றாள் நஸ்மியே. "பன்னெண்டரையிலிருந்து பம்பு, சேறு, காத்துன்னு என்னைக் கொன்னு எடுத்தீங்களே, அது என்ன கூத்து?"

ரிஃபாத் குறட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்பா" என்றாள் பெர்னா. "வால்வை மூடினது யாரு?"

தப்பிக்க வழி இல்லை. அவர் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்து ரேடியேட்டரில் சாய்ந்தார்.

"நான்தான். நீ பஸ் ஏறின அன்னைக்கு சாயங்காலம். பரிட்சைக்கெல்லாம் இங்கதானே உக்காந்து படிப்பே, இதுல முதுகைச் சாச்சுக்கிட்டு. வீட்டுக்கு வந்தேன், உன் திண்டு இங்கயே கிடந்துச்சு. பாக்க முடியலை. யாருக்கு இனிமே சூடுன்னு மூடிட்டேன். ஊருக்கெல்லாம் மூடாதேன்னு சொல்லிட்டு என் வீட்டுல நானே மூடிட்டேன்." குறட்டைக் கீழே வைத்தார். "இன்னைக்கு இது ஓடலைன்னா பேச்சு தள்ளிப்போகும்னு பாத்தேன். ஜூன்ல மாத்தல் வந்துடும்ல."

நஸ்மியே திட்ட வாயெடுத்தவள் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். ட்ராப்சோன்காரர்கள் கோட்டோடு சிலை மாதிரி இருந்தார்கள். பெர்னா அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதலில் சிரித்தவர் யாகூப்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சம்பந்தி, எங்க பொண்ணைக் கேட்டு வந்தப்ப நான் என்ன பண்ணேன் தெரியுமா? நாயை அவுத்து விட்டேன். உங்களுது எவ்வளவோ தேவலை." சானியே, "ரெண்டு பேரைக் கடிச்சுது" என்று சேர்த்துக்கொண்டாள். ரிஃபாத்துக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த எதுவோ அந்தச் சிரிப்போடு வெளியே போயிற்று.

அறை சூடாக ஆக, முதலில் குல்லாய் போனது, பிறகு கழுத்துத் துணி, பிறகு கோட்டு. கோட்டுக்குள் சானியே சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பெர்னா காபித் தட்டோடு வந்தாள். பெண் கேட்கிற காபியில் மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு போடுவது அங்கே வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்து முடித்தால் பெண்ணுக்காக எதையும் பொறுப்பான் என்று அர்த்தம். அதனால் எல்லார் கண்ணும் துன்ஜாய் மேல் இருந்தது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான். திகைத்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"எப்படிடா இருக்கு?" என்றார் யாகூப்.

"இனிக்குதுப்பா."

"காதல் முத்திப்போச்சு இவனுக்கு" என்றாள் சானியே.

ரிஃபாத் தன் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார். நாக்கு சுருண்டுகொண்டது. உப்பு. ஒரு கரண்டி இல்லை, மூன்று கரண்டி. நிமிர்ந்து பார்த்தார். பெர்னா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்த் தடம் இருந்தது. உதட்டோரம் குறும்பும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து யாகூப் தொண்டையைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "அல்லாவோட கட்டளைப்படி, நபியோட வாக்குப்படி, உங்க பொண்ணு பெர்னாவை எங்க பையன் துன்ஜாய்க்குக் கேக்குறோம்."

ரிஃபாத் கோப்பையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு வாய். இன்னொரு வாய். புருவம்கூட அசையவில்லை. அடியில் தங்கின வண்டல் வரைக்கும் குடித்துவிட்டு, கோப்பையைத் தட்டில் வைத்தார். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. அது உப்பால் என்று பிற்பாடு நஸ்மியேயிடம் சத்தியம் செய்தார், அவள் நம்பவில்லை.

"குடுத்தாச்சு" என்றார். "நல்லா இருக்கட்டும்."

பெர்னா தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நஸ்மியே சானியேயைக் கட்டிக்கொண்டாள். யாகூப் யாரும் கிடைக்காமல் மகனைக் கட்டிக்கொண்டார்.

"மாமா" என்று துன்ஜாய் வந்து கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "நாங்க பாத்து வச்சிருக்கிற வீட்டுலயும் விருந்தாளி அறை இருக்கு. ஒரு நாள் வந்து தேனடையெல்லாம் பாத்துக் குடுங்க."

"ஒரு நாள் இல்லடா" என்றார் ரிஃபாத், மகளின் தலைக்கு மேலாக. "வால்வை எப்பவும் நாலுல வை. மூடிக்கீடித் தொலைக்காத. நான் எப்ப வேணா வருவேன்."